சொல்லாமல் எழுதிய எடை

அப்புவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "பெட்டி கட்டியாச்சாப்பா?" என்று கேட்டபோது முட்டி வலி என்று சொன்னேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. நீ உடனே பதறி, தைலத்தின் பெயரைச் சொல்லி, ரயிலில் கீழ்ப் படுக்கைதான் போட்டிருக்கிறேன் என்று தேற்றினாய். அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. எழுபத்து மூன்று வயதில் மகனிடம் பொய் சொன்னதை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன். போனில் என்னால் உண்மையைச் சொல்ல முடியாது. நீ அந்தப் பக்கம் சும்மா இருக்கும் இரண்டு விநாடியிலேயே நான் சொல்ல வந்ததை மாற்றிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை முழுதாகப் படித்த பிறகு கோபப்படு. நான் அடுத்த மாதம் உன்னோடேயே இருக்கப் புனேவுக்கு வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், என்னிடம் இருக்கும் ஒரே திறமை அதுதான்.

உன் அம்மா போன பிறகு நான் நாகல் நகர் வீட்டில் தனியாக என்ன செய்கிறேன் என்று நீ அடிக்கடி கேட்பாய். கோயிலுக்குப் போகிறேன், நடக்கிறேன் என்பேன். அங்கன்வாடிக்குப் போகிறேன் என்று சொன்னதில்லை. நம் தெருவுக்குப் பின்னால், ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. உன் அம்மா வீட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்து அங்கே கொடுத்துவிட்டு வருவாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே பெற்றோர் குழுவில் இருந்தாள், தாய்மார்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினாள், குழாய் கேட்டு மனு கொடுத்தாள் என்பதெல்லாம் அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அங்கே வேலை பார்க்கும் செல்வி டீச்சர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை.

"சார், அக்கா இருந்த எடத்துல நீங்க இருங்க" என்றார் செல்வி டீச்சர். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்றேன். "பேச வேணாம் சார். எழுதுனாப் போதும். எனக்குச் சமையலைப் பாக்கவா, பிள்ளையப் பாக்கவா, ரெஜிஸ்டரப் பாக்கவா?" என்றார். பேச வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்காகவே நான் ஒப்புக்கொண்டேன்.

மாதம் ஒரு நாள் குழந்தைகளுக்கு எடை போடுவார்கள். உத்தரத்தில் ஒரு வட்டத் தராசு தொங்கும். அதன் கொக்கியில் கால்சட்டை மாதிரி ஒரு துணி மாட்டி, குழந்தையை அதற்குள் இறக்கி விடுவார்கள். முள் நிற்கும் இடத்தைப் பார்த்து நான் நோட்டில் எழுத வேண்டும். எழுதிய எடையை ஒரு அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளி பச்சையில் விழுந்தால் குழந்தை நலம், மஞ்சளில் விழுந்தால் கவனிக்க வேண்டும், சிவப்பில் விழுந்தால் அன்றே பெரியாஸ்பத்திரி, தனிச் சத்துணவு. எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண்பட்டுப் பிள்ளை இளைத்துவிடும் என்று தாய்மார்கள் பயப்படுவார்கள். செல்வி டீச்சர் முள்ளை விரலால் காட்டுவார், நான் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுதுவேன். ஊரே சேர்ந்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன இடம் அது ஒன்றுதான். எனக்கு அங்கே எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் நீ சிரிப்பாய்.

போன ஆடி மாதம் அந்த முள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பேகம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். காலையில் போனதும் தராசைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பழைய சுருள்வில் தளர்ந்தால் முள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மறுநாள் குழந்தைகள் போன பிறகு, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். டீச்சரிடம் முருங்கைக்கீரைக்கு உப்பு என்றேன். அவர் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் ஐந்து பொட்டலத்தைத் தொங்கவிட்டேன். ஐந்தரைக்கு மேல் காட்டியது. பத்தைத் தொங்கவிட்டேன். பதினொன்றைத் தாண்டியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே, பின்கட்டுக்குப் போய், "டீச்சர், இந்தத் தராசு பொய் சொல்கிறது" என்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உப்பு ஈரத்தை இழுக்கும், பொட்டலத்தின் எடையே கூடியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கிலோவுக்கு நூறு கிராம் ஈரம் எந்த உப்பும் இழுக்காது, அது எனக்குத் தெரியும். பழைய தொழிற்சாலையில் முத்திரை போட்ட எடைக்கல் வாங்கி இன்னொரு முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். அங்கே யாரைக் கேட்பது என்று தயங்கினேன். சொன்னால் டீச்சருக்கு மேலிடத்திலிருந்து ஓலை வரும் என்று நினைத்தேன். எழுதிக் கொடு என்று என்னைக் கேட்பார்கள், கீழே என் கையெழுத்து இருக்கும் என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே ஆவணி எடையை எழுதினேன், புரட்டாசி எடையை எழுதினேன், ஐப்பசி எடையையும் எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும், உனக்குத் தெரியும். பொய்யான எண்களை அவ்வளவு அழகாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த நோட்டில் மீனா என்று ஒரு குழந்தை. ஐப்பசியில் அவளுக்கு ஒன்றரை வயது, உன் மகளுக்கும் அப்போது அதே வயது. அம்மா பாண்டியம்மாள் வீட்டில் பூக்கட்டுகிறவள், விடிந்தும் விடியாமலும் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். மீனாவை எங்கே உட்கார வைத்தோமோ அங்கேயே இருப்பாள். தவழ்ந்து போக மாட்டாள், மற்றக் குழந்தைகள் பொம்மையைப் பிடுங்கினால் அழ மாட்டாள். "சமத்துப் பிள்ளை, இருக்கிற எடமே தெரியல" என்று எல்லோரும் கொஞ்சுவோம். அதிகமாகக் கொஞ்சியவன் நான். சத்தம் போடாத குழந்தை எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாடு பத்தாத குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. என் நோட்டில் அவள் ஏழு கிலோ அறுநூறு. அட்டையில் புள்ளி மஞ்சளில், சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தது.

ஐப்பசி மழையில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பெரியாஸ்பத்திரியில் கூட்டம். சீட்டில் எடை எழுதி, மருந்து கொடுத்து, "எடை ரொம்பக் கம்மியா இருக்கே, அங்கன்வாடியில என்ன சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பாண்டியம்மாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஈரத் துண்டு.

"சார், நாலு நாளைக்கு முன்னாடி நீங்க ஏழு அறுநூறுன்னு எழுதுனீக. அங்க ஆறு எழுநூறுங்கிறாக. போற வழியில ஒரு கிலோப் பிள்ளையச் சிந்திட்டேனா?" என்று சிரித்தாள். 

நான் சீட்டைப் பார்த்தேன். உப்புப் பொட்டலத்தை நிறுத்துக் குறித்து வைத்த கணக்கு என் மேஜைக்குள் இருந்தது. "வயிற்றுப்போக்கில் குறைந்திருக்கும்மா" என்றேன்.

"அம்புட்டா குறையும்?"

"சின்னக் குழந்தைக்குக் குறையும்."

அவள் நம்பினாள். படித்தவர், எழுதுகிறவர் என்று நம்பினாள். போகும்போது, "நாந்தேன் அன்னைக்குக் காய்ச்சாத தண்ணியக் குடுத்துட்டேன் போல சார். பூ வந்துருச்சுன்னு அவசரத்துல குடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இல்லையம்மா, உன் தண்ணீர் இல்லை என்று சொல்ல நாலு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். அவள் தெரு முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தேகப்பட்டுத் தயங்கியதை என் குணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இது அப்படியில்லை, இது தெரிந்தே சொன்ன பொய்.

இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ மூன்று வயது வரை பேசவில்லை. இதை நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. "ஏங்க, இவனுக்குக் காது கேக்குது, ஆனா பேச மாட்டேங்கிறான். நாலு பேருகிட்ட சொல்லுவோம்" என்றாள் உன் அம்மா. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். "அவுகளும் பேசுவாகல்ல" என்றாள். தெருவில் ஒரு கடை விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தையல்கடை காதர் பாய், மாவு மில்லுக்காரர், பொரிகடலை விற்கிற அம்மா, எல்லோரும் உன்னைப் பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டும், பதில் வரும் வரை செத்த நேரம் காத்திருக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. எனக்கு அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டுமா என்று அவளிடம் சண்டை போட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் யாரும் உன்னிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று பின்சந்து வழியாகப் போனேன். ஒரு சாயங்காலம் காதர் பாய் என்னை நிறுத்தி, "உங்க மவன் இன்னைக்கு 'நூலு'ன்னான் சார். நான் என் காதால கேட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உன் முதல் வார்த்தையைக் கேட்டவர் அவர்தான், நான் இல்லை. அதற்குப் பிறகும்கூட, தெருவே சேர்ந்துதான் உன்னைப் பேச வைத்தது என்று உன் அம்மாவிடம் நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. "தானாகவே பேசியிருப்பான்" என்றேன். "நீங்க எல்லாத்தையும் அளப்பீங்க. வாயத்தான் தொறக்க மாட்டீங்க" என்றாள். அது கோபத்தில் சொன்னது இல்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மார்கழியில் பெற்றோர் கூட்டம். தாய்மார்கள் சேர்ந்து, மாதம் ஒரு முறை டாக்டர் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும், கூடுதல் சத்துமாவு வேண்டும் என்று மனு அனுப்பியிருந்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்ததும் நான்தான். பதில் வந்திருந்தது. செல்வி டீச்சர் வாசித்தார். உங்கள் மையப் பதிவேட்டில் சிவப்புப் பிரிவில் ஒரு குழந்தைகூட இல்லாததால் தற்போது முன்னுரிமை தர இயலாது என்று இருந்தது. பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், படித்தவர் ஏதாவது வழி சொல்வார் என்று. பாண்டியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். மீனா அவள் பக்கத்தில், வைத்த இடத்தில் இருந்தாள். மற்றக் குழந்தைகள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடின, அவள் அந்தச் செருப்பைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தாள்.

எழுந்து நின்றேன்.  தராசு தப்பு என்றேன், ஆடியிலிருந்தே எனக்குத் தெரியும் என்றேன், உப்பு வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். சிவப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் அவர்களை மஞ்சளில் எழுதினேன் என்றேன்.  செல்வி டீச்சர் கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு பாண்டியம்மாள்தான் கேட்டாள், தலை நிமிராமல், பூக்கட்டும் கையும் நிற்காமல்.

"அன்னைக்கு வயித்துப்போக்குன்னு சொன்னீகளே சார்."

"ஆமாம்மா. பொய் சொன்னேன்."

"அன்னையிலேருந்து இந்தக் கையத்தேன் திட்டிக்கிட்டு இருக்கேன். தண்ணி குடுத்த கையி இதுன்னு."

 அவள் நூலைப் பல்லால் அறுத்தாள். "திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாக. வாங்க. அங்கனயும் வந்து இதையே சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே டீச்சரும் நானும் அவளோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய் மீனாவைச் சேர்த்தோம். திங்கட்கிழமை ஏழு பெண்களும் நானும் தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் பையைச் சோதித்த போலீஸ்காரர், "உப்பு எதுக்கும்மா இம்புட்டு?" என்றார். தராசைத் தூக்கிக்கொண்டு வந்த பெண் ஒருத்தி, "சமைக்க இல்ல அண்ணே, கவருமெண்ட நிறுத்துக் காட்ட" என்றாள். அவரே சிரித்துவிட்டார். உள்ளே ஒரு ஜன்னல் கம்பியில் தராசைத் தொங்கவிட்டு, அதிகாரிகளுக்கு முன்னால் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்கள். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள், மறுபடியும் சொன்னேன். மாசியில் புதுத் தராசு வந்தது. டாக்டர் வருகிறார். எல்லோரையும் மறுபடி நிறுத்ததில் மீனாவோடு சேர்த்து நான்கு பிள்ளைகள் சிவப்பில் விழுந்தார்கள். தராசை ஏன் சரிபார்க்கவில்லை என்று செல்வி டீச்சருக்குத்தான் ஓலை வந்தது. பதிலை நான் எழுதினேன், குற்றம் என்னுடையது என்று. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு எதையும் அவர் மாற்றவில்லை.

மீனாவுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இரண்டு வார்த்தை சொல்கிறாள். இழந்த மாதங்களால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். "முதல் ரெண்டு வருஷம் முக்கியம்தான். ஆனா இனிமே நாம என்ன செய்யிறோங்கிறதும் முக்கியம். பார்ப்போம் சார்" என்றார். ஆடியிலிருந்து மார்கழி வரை நான் பேசாமல் இருந்ததால் அவளுக்கு எவ்வளவு குறைந்தது, அதற்கு முன்பே எவ்வளவு குறைந்திருந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனைக்கூடத்திலும் வழியில்லை. வாழ்நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தவனுக்கு இதை மட்டும் அளக்க முடியவில்லை. முழுவதும் என்னால் இல்லை என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் தூக்கம் கெடும்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ, "பாப்பா ரொம்பச் சமத்துப்பா, போனக் குடுத்தா ஒரே எடத்துல உக்காந்துருவா" என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு மீனா நினைவு வந்தது. அவள் எடை சரியாக இருக்கும், நீங்கள் மாதம் தவறாமல் டாக்டரிடம் காட்டுகிறீர்கள். நான் அதைச் சொல்லவில்லை, அவளோடு யார் பேசுகிறார்கள் என்று கேட்கிறேன். உங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் உனக்குத் தெரியாது என்றாய். தெரிந்துகொள். லிஃப்டில் வருகிறவர்களிடம், வாசல் காவலாளியிடம், பால் போடுகிறவரிடம் போய், எங்கள் பிள்ளையைப் பார்த்தால் ஏதாவது கேளுங்கள், பதில் வரும் வரை நில்லுங்கள் என்று சொல். மொழி வேறாக இருந்தால் என்ன, கேட்கட்டும். வெட்கமாக இருக்கும். நீ என் மகன், உனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். உன் அம்மா பட்ட வெட்கத்தில் பேச்சு வந்தவன் நீ என்பதை நினைத்துக்கொள்.

இனி, நான் ஏன் வரவில்லை என்பது. மாசியில் புதுத் தராசு வந்த அன்று, வழக்கம் போல டீச்சர் முள்ளைக் காட்டினார், நான் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தேன். பாண்டியம்மாள் குழந்தையைத் துணியிலிருந்து எடுக்காமல் நின்றாள். "சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள். கண்பட்டுவிடும் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "பட்டாப் படட்டும். நான் சுத்திப் போட்டுக்கிறேன். எல்லாரு காதுலயும் விழணும்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு குழந்தைக்கும், எடையை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எனக்குப் போட்ட ஏற்பாடு. வேறு யாரையும் சொல்ல விடுவதில்லை. தண்டனையா என்று நான் கேட்கவில்லை. மீனா பள்ளிக்கூடம் போகும் வரை அந்த நாளில் நான் அங்கே நிற்க வேண்டும். அதுவரை நான் இருப்பேனா என்பது வேறு விஷயம்.

நேற்று எடை நாள். மீனாவை இறக்கி விட்டார்கள். முள் ஆடி நின்றது. "எட்டு கிலோ முந்நூறு" என்றேன். சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறாள், அவ்வளவுதான். துணிக்குள் தொங்கிக்கொண்டிருந்த குழந்தை, சத்தம் வந்த பக்கம் மெல்லக் கழுத்தைத் திருப்பி என் வாயையே பார்த்தாள். பாண்டியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அந்த மார்கழிக் கூட்டத்திலிருந்து அவள் என்னைப் பார்ப்பதில்லை. குழந்தையிடம் மட்டும் குனிந்து, "கேட்டியாடி, எட்டு முந்நூறாம். இன்னொருக்காச் சொல்லச் சொல்லு" என்றாள்.

நான் இன்னொரு முறை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பாப்பாவை மடியில் வைத்துக்கொள், நான் ஏதாவது கேட்கிறேன். அவள் பதில் சொல்லும் வரை நீ குறுக்கே பேசாதே, வைத்துவிடாதே. நான் காத்திருப்பேன்.

அப்பா